முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்ட சிவப்புக் கார்

அந்தக் காரின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று ராமையாவுக்குத் தெரியாது. பாக்கியலட்சுமிக்கும் தெரியாது. ஆனால் புருஷன் ஒட்டி வைத்திருக்கும் பின்பக்கம் தப்பு என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

மலேசியாவில், ஆயர் குரோவில், அவர்களுடைய தாமான் குடியிருப்பு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்கச் சிவப்பு மணிலா அட்டை, பிளேடு, பசைக் கிண்ணம், சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சிகள். நடுவில், ஒரு முழ நீளத்தில், மேசையோடு ஒட்டிப் பதுங்கிக் கிடந்தது ஒரு ரேஸ் கார். வீட்டு மனிதர்கள் ஹாலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"பின்னாடி என்னங்க, டிபன் பாக்ஸ் மூடி மாதிரி இருக்கு?"

"நீ பின்னாடி பார்த்தியா?"

"நான் பார்க்கல. சாமி பார்த்திருக்கும்லா."

ராமையா கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். எறியாமல் வைத்ததே பெரிய காரியம்.

ரெம்பியா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். மீசை அரும்பும் வயதில் தோட்டத்து டிராக்டரில் ஏறினார். அதற்குப் பிறகு ஸ்டேரிங் இல்லாத ஒரு நாளை அவர் கண்டதில்லை. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கும் தோட்டத்துக்கும் லோரி ஓட்டியே ஒரு வீட்டை வாங்கினார், மகள் ஷாந்தினியைப் படிக்கவைத்தார். லோரியில் ஏறிவிட்டால் அவர் வேறு மனிதர். பாட்டு வரும், சிரிப்பு வரும். கீழே இறங்கினால் சட்டைப் பித்தானைக்கூடப் பாக்கியம்தான் போட்டுவிட வேண்டும்.

அந்த லோரிதான் போன வருஷக் கடைசி மழையில், ஆயர் குரோ வளைவில், குலைகளோடு கவிழ்ந்தது. விலா எலும்புகள் முறிந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாக்கியத்துக்கு அழக்கூடத் தெம்பில்லை. எதிர்ச் சுவரில் ஏதோ ஒரு டயர் கடையின் காலண்டர். அதில் ஒரு சிவப்புக் கார், இறக்கைபோல் கதவைத் தூக்கிக்கொண்டு நின்றது. வேறு எவளாவது இருந்தால் ஒரு சேவல், ஒரு கட்டுச் சுருட்டு என்று அளவாக வேண்டிக்கொண்டிருப்பாள். பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். தோட்டத்து முனீஸ்வரரை நினைத்துக்கொண்டு சொன்னாள், என் புருஷனை எழுப்பிவிட்டுடு ஐயா, இந்தக் காரை, இதே காரை, உன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன்.

மறுநாள் ராமையா கண் விழித்தார். காது கேட்கத் தொடங்கியதும் அவர் கேட்ட முதல் வார்த்தை கார் என்பதுதான்.

வேண்டுதல் அதோடு முடிந்திருந்தால் தேவலாம். வாங்கின உயிருக்கு நேர்ந்த காரைக் கொடுக்காமல் ஸ்டேரிங்கைத் தொட்டால் ஐயா சும்மா இருக்கமாட்டார் என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள். எலும்பு கூடி, டாக்டரே போகலாம் என்று சொன்ன பிறகும் லோரிச் சாவி அவள் முந்தானையில்தான் இருந்தது. ராமையா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் கார் வாங்கிவந்து நீட்டினார். சாமிக்கு விளையாட்டுச் சாமானா என்று அவள் கேட்ட கேள்வியில், அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு பூசாரி மாயாண்டியிடம் போனார்கள். கையால் செய்தது காகிதமாக இருந்தாலும் ஐயா ஏற்றுக்கொள்வார் என்றார் மாயாண்டி. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "ஆனா சொன்ன பொருள் சொன்ன மாதிரி இருக்கணும்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவைத்தார். ராமையாவின் நிம்மதி அந்த ஒரு வார்த்தையோடு போயிற்று.

காரின் முன்பக்கம் மட்டும் தெரியும் அந்தக் காலண்டர் தாளை ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டு வாங்கிவந்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து அட்டையை வெட்டினார். மை தீர்ந்த பேனாவால் கோடு கிழித்து மடித்தார். மழை பெய்தால் அட்டை உப்பியது. வெயில் அடித்தால் பசை விட்டுக்கொண்டது. புதுச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக்கை வெட்டி முன் கண்ணாடி வைத்தார். விளக்குகளுக்குள் வெள்ளிக் காகிதம் ஒட்டினார். கதவு மேலே தூக்கி நிற்க வேண்டும் என்பதற்காக அவர் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனிக்கதை. செம்பனைக் குலையைக் கொக்கி போட்டு இழுத்த விரல்களுக்குள் நெல்லளவு அட்டை நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது.

ஸ்டேரிங்கை மட்டும் மூன்று தடவை மாற்றினார். படத்தில் இடதுபக்கம் இருந்தது, இடதுபக்கம் வைத்தார். மலேசியாவில் எந்தச் சாமி இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டும் என்று பாக்கியம் கேட்டாள். பிரித்து வலதுபக்கம் வைத்தார். படத்தில் அப்படி இல்லையே, சொன்னது சொன்ன மாதிரி இருக்க வேண்டாமா என்றாள். மறுபடி இடம். ஐயா பாவம், கஷ்டப்படுவார் என்று அன்று மாலையே அவளுக்கு இரக்கம் வந்தது. மறுபடி வலம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஷாந்தினி பையை மாட்டிவிட்டு எட்டிப் பார்ப்பாள். "அப்பா, ரோட் டாக்ஸ் எடுத்தாச்சா?" என்பாள். ராமையாவுக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் லோரி முதலாளி, தவுக்கே, போன் செய்துவிட்டார். நல்ல சீனர்தான், கவிழ்ந்த லோரியைப் பழுதுபார்த்து நிறுத்திவைத்து இத்தனை நாள் பொறுத்தார். இந்த ஞாயிறு போய்த் திங்கள் காலையில் ராமையா வராவிட்டால் லோரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்தில் முனீஸ்வரர் பூசை.

லோரி போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தார் ராமையா. காரின் பின்பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி செய்தார். இந்த முறை பாக்கியத்தைச் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷாந்தினி அவளுடைய சின்னக் காரை ஓட்ட, ராமையா காகிதக் காரை மடியில் வைத்துக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்திருந்த பாக்கியம், வலதுபக்கச் சக்கரம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இல்லையா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

செம்பனைக் காட்டின் ஓரத்தில், பெரிய மரத்தடியில், அரிவாளோடு நின்றார் முனீஸ்வரர். பூசை போட வந்த மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வரிசை பிடித்திருந்தன. ராமையா தன் காரை வரிசையில் வைத்தபோது கூட்டம் சுற்றிக்கொண்டது. கதவு தூக்கி நின்றதைப் பார்த்து ஒருவர் பலமாகத் தலையாட்டினார். அந்த ஒரு நிமிஷம் ராமையாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

மாயாண்டி மாலை போட்டார், சந்தனம் வைத்தார், சூடத்தைக் காகிதத்தில் படாமல் தூர வைத்துக் காட்டினார். பிறகு, ஆண்டாண்டாக எல்லா வண்டிக்கும் செய்து பழகிய கை, யோசிக்காமல் நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்துவிட்டது.

"வண்டியை எடுங்கண்ணே. பழம் நசுங்கணும்."

"மாயாண்டி, இது காகிதம்பா."

மாயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வைத்த பழத்தைச் சாமி முன்னால் எப்படி எடுப்பது? கூட்டம் பார்த்தது. பாக்கியம் பார்த்தாள். ராமையா குனிந்து காரை மெல்லத் தள்ளினார். சக்கரம் பழத்தில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அச்சாகச் செருகியிருந்த சாத்தே குச்சி படக்கென்று முறிந்தது. முன்பக்கம் அப்படியே மண்ணில் குப்புற விழுந்தது. பழங்களில் ஒரு கீறல் இல்லை.

"ஐயா ஏத்துக்கல" என்றாள் பாக்கியம். "வேற செய்யணும்."

ராமையா நிமிர்ந்தார். ஆத்திரத்தில் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது. அழுவாள் என்று நினைத்திருந்தார். அந்த முகத்தில் இருந்தது ஆறுதல். ஒரு மாதமாகக் காணாத ஆறுதல்.

"பாக்கியம், இந்தக் கார் முடியக்கூடாதுன்னுதானே நீ நினைச்ச?"

இத்தனை பேர் நிற்கிறார்களே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"நான் பார்த்தேங்க. லோரி கவுந்து கிடந்துச்சு. உங்க ஒத்தச் செருப்பு ரோட்டு நடுவுல கிடந்துச்சு. அதைக் கையில எடுத்துக்கிட்டுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கார் முடிஞ்சா நீங்க மறுபடி ஏறிடுவீங்கல்ல. நான் மறுபடி எதைச் சாமிக்குக் கொடுப்பேன்?"

ராமையா குப்புறக் கிடந்த காரை நிமிர்த்தி வைத்தார். அந்த ஸ்டேரிங்கை மூன்று தடவை பிரித்தபோது, அவள் சொன்னதற்காக மட்டும்தான் பிரித்தோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஆயர் குரோ வளைவை நினைத்தால் அவருக்கே உள்ளங்கை வேர்த்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கும் பயம்தான்டி" என்றார் மெதுவாக. "ஆனா எனக்கு வேற என்ன தெரியும்?"

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணீர் ஓய நேரமானது. மாயாண்டி பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஐயாவுக்குக் கார் வந்து சேர்ந்தாச்சு. ஒடைஞ்சாலும் அது அவரு காரு. பின்னாடி மோட்டார் சைக்கிளெல்லாம் நிக்குதுலா."

பாக்கியம் குனிந்து அந்த நாலு பழங்களையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

திங்கள் காலையில் தவுக்கேயின் லோரிக் கொட்டகையில் அது தெரிந்தது. பழங்களை லோரிச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு மறுபக்கம் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, லோரி உதவியாளான கெலிண்டான் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரியை லோரியில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று தவுக்கே கத்தினார். ராமையா கெஞ்சினார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் என்று தவுக்கே கையை உதறிவிட்டுப் போனார்.

பழங்கள் நசுங்கின. லோரி கிளம்பியது.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. அந்த பஸ் முந்துகிறது, விடுங்கள். இவ்வளவு கிட்டே போகாதீர்கள். கண்ணாடியைப் பார்த்தீர்களா, இல்லையா? வருஷக்கணக்காக லோரி ஓட்டியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினார்.

ஆயர் குரோ வளைவு வந்தது. பேச்சு நின்றது. ராமையா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் மூச்சு விடவில்லை. லோரி தவழ்ந்து தவழ்ந்து வளைவைக் கடந்து நேர்ப்பாதையில் ஏறியது.

"ஏங்க, வளைவுல ஹாரன் அடிக்க மாட்டீங்களா?" என்றாள் பாக்கியம்.

வளைவைத் தாண்டியாகிவிட்டது. எதிரே ஒரு வண்டிகூட இல்லை. ராமையா ஹாரனை அழுத்தினார்.