சந்தனம் பூசிய கோபால்ட்

அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன். அதனால் அவருடைய தம்பியின் காணியில் பாதி கைவிட்டுப் போயிற்று.

நாங்கள் அப்போது லண்டனில், செவன் கிங்ஸில் இருந்தோம். அவர் சாம்பியாக்காரி, தாதி. ஊருக்குப் போய்வந்தபோது கைக்குள் அடங்கும் கறுத்த கல்லொன்றைக் கொண்டுவந்தார். தம்பியின் காணியில் கிடைத்ததாம். காணியை ஒரு கம்பெனி கேட்கிறது. கல்லில் ஏதும் இருந்தால் விற்கமாட்டார்கள். நான் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளன் என்பதால், பார்த்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்.

ஒரு துண்டைப் பொடியாக்கிக் கடும் அமிலத்தில் கரைத்தேன். கரைசல் நீலமாயிற்று. தண்ணீர் விட்டேன், இளஞ்சிவப்பாக மாறியது. எத்தனை தடவை கண்டாலும் அலுக்காத மாற்றம். இந்தக் கரிக்கட்டிக்குள் இத்தனை நிறம் எங்கே இருந்தது? கோபால்ட். கைபேசி பாட்டரிகளுக்கும், எண்ணெய் இல்லாமல் ஓடப்போகும் கார்களுக்கும் உலகம் தேடிய சாமான்.

சொல்லப் போன இடத்தில் கம்பெனியின் பெயரைக் கேட்டேன். எங்கள் ஆய்வுகூடத்தின் பெரிய வாடிக்கையாளர். வேலை போய்விடுமென்று பயந்து, "பெரிதாக ஒன்றுமில்லை" என்றேன்.

வேறு எவரும் சோதித்துவிடக் கூடாதென்று கல்லையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கோட்டுப் பைக்குள் அதைக் கண்ட மனைவி, விம்பிள்டன் கோயிலில் யாரோ தந்த லிங்கமாக்கும் என்று சாமியறையில் வைத்தாள். நான் வாய் திறக்கவில்லை. தினமும் சந்தனம், பூ.

ஒருநாள் வேலியடியில் அந்தப் பெண், பாதிக் காணி விற்றாயிற்று, மீதியையும் கேட்கிறார்கள் என்றார். அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆருடைய காணியையப்பா நான் இவ்வளவு நாளும் கும்பிட்டனான்?" என்றாள். "இதுக்குப் படைச்ச வடையைத்தானே வெள்ளிக்கு வெள்ளி அவவுக்கும் குடுத்தனான். உங்களுக்குத் தொண்டைக்குள்ளை இறங்கினதோ?"

"ஓம்."

"நல்ல தொண்டை. எழும்புங்கோ, போவம்."

சந்தனத்தைக் கழுவக்கூட விடவில்லை. அடுத்த வீட்டுச் சமையலறையில் நின்றபடியே, கரைசல் நீலமானதிலிருந்து உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நீலத்தை உங்களைத் தவிர வேறு யார் கண்டார்கள்?"

"ஒருவரும் இல்லை."

எங்கள் முன்னாலேயே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். மீதிக் காணி விற்கப்படவில்லை. போன பாதி திரும்பவுமில்லை. நான் பணம் கட்டுகிறேன் என்றதை மறுத்து, கல்லைத் தானே வேறோர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். என் மேலாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த மாதிரியை எடுக்கச் சொன்னார். பயந்த வேலை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வடையை அந்தப் பெண் தொடர்ந்து வாங்கினார், மனைவி கொண்டுபோனால் மட்டும்.