கொசுவின் எச்சில்

ஐஸ் மேல் மயங்கிக் கிடக்கும் கொசுவின் உடலை ஓர் ஊசியால் அழுத்திக்கொண்டு, இன்னோர் ஊசியால் தலையை மெல்ல இழுக்கிறார் பிரிசில்லா. அப்போது மூச்சுகூட விடமாட்டார். தலையோடு சேர்ந்து வழுக்கி வருகிறது, கண்ணாடி நூல் போன்ற உமிழ்நீர்ச் சுரப்பி. "வந்துட்ச்சு என் ராஜாத்தி!" கடிப்பவை பெண் கொசுக்கள்தாம், எனவே எல்லாமே ராஜாத்திகள்.

ஆம்பூரிலிருந்து ரயிலேறி வேலூர் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர். பூ வைப்பதில்லை, பவுடர் பூசுவதில்லை; கொசுக்களுக்கு வாசனை ஆகாதாம். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. "அம்மாவுக்குத் தோல்ல ஊசி, எனக்குக் கொசு மேல ஊசி" என்று சிரிப்பார்.

நம் உடலின் காவல் செல்கள் கிருமிகளை விழுங்கிக் கொல்பவை. சில ஒட்டுண்ணிகளோ அவற்றுக்குள்ளேயே குடியேறிப் பெருகும். கொசுவின் எச்சில் அதற்கு உதவுகிறதா? உடன் பணிபுரியும் தௌசீப் அகமதுவும் பிரிசில்லாவும் சேர்ந்து செய்த ஆய்வு இது. எச்சில் கலந்த செல்களில் ஒட்டுண்ணிகள் மும்மடங்கு இருந்தன. தௌசீப் தில்லி மாநாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

பிரிசில்லா மட்டும் ஆய்வுக் குறிப்பேட்டை மறுபடி புரட்டினார்.

"எச்சில் கலக்காத செல்லுக்கு வெறும் உப்புத்தண்ணி தானே ஊத்துனோம்? கொசுவோட காலை அரைச்சு ஊத்துனாலும் இப்டியே ஆச்சுன்னா? அப்போ எச்சில்தான் காரணம்னு எப்டி சொல்றது?"

"இன்னா பிரிசில்லா, நல்லா வந்ததைப் போய் பேஜார் பண்ற! தில்லி போச்சுன்னா?"

"போவட்டும். அங்க ஒருத்தர் இதே கேள்விய கேட்டா இன்னா சொல்வ, தோஸ்த்?"

மறுநாள் காலையில், பிரிசில்லா கேட்காமலே தௌசீப் ஐஸ் பெட்டியை நிரப்பி வைத்திருந்தார்.

மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. இம்முறை சில செல்களுக்கு எச்சில், சிலவற்றுக்குக் கொசுவின் கால்களை அரைத்த சாறு. கழுத்து பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது. அவர்கள் போகாமலே மாநாடும் நடந்து முடிந்தது.

முடிவு வந்தது. கால் சாறும் ஓரளவு வேலை செய்திருந்தது. ஆனாலும் எச்சில் பட்ட செல்களில்தான் ஒட்டுண்ணிகள் அதிகம். மும்மடங்கு அல்ல, ஒன்றரை மடங்கு.

"கம்மியாய்ட்ச்சே" என்றார் தௌசீப்.

"ஆனா நிக்குது இல்ல?"

பிரிசில்லா எழுந்து, சுவர்ப் பலகையில் மும்மடங்கைக் காட்ட வரைந்திருந்த, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் படமெடுத்துக்கொண்ட உயரமான சிவப்புக் கட்டத்தைக் கையாலேயே அழித்தார். அந்த இடத்தில் அதில் பாதி உயரத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, நிதானமாக, ஓரம் பிசகாமல் வண்ணம் நிரப்பினார்.