பெயர் கேட்டால் என்ன தப்பு?

பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை எனக்கு. பதினைந்து வருடமாக உட்கார்ந்தே உடைத்ததில் இடுப்புவலி நிரந்தரமாகிவிட்டது. எங்கள் ஊர் மெடிக்கலில் வலி என்று சொன்னால் போதும், நாலு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் கேட்டேன். "பேரு தெரிஞ்சி என்னாக்கா பண்ணப் போறீங்க? போட்டா வலி நிக்கும்" என்றார் கடைக்காரர். நின்றது. ஆறு மாதம் விழுங்கினேன்.

முகம் உப்பியது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் கன்னத்தைத் தொட்டு, "அண்ணி, இப்பதான் பூசுனாப்புல அழகா இருக்கீங்க" என்றாள். உடம்பு தேறிவிட்டதென்று நானும் பூரித்துப்போனேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பந்தியிலிருந்து எழுந்ததும் ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கசங்கிய பொட்டலத்தை நீட்டினேன். "இதை வச்சி நான் என்னம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கோபப்பட்டார். சோதித்துவிட்டு, முகத்தில் ஏறியது சதையல்ல, அந்த மாத்திரைகளில் ஸ்டீராய்டும் இருந்ததால் வந்த வீக்கம் என்றார். வயிற்றைப் புண்ணாக்கியதும் அந்தப் பொட்டலம்தான்.

வலி இன்னும் இருக்கிறது. டாக்டர் எழுதியதை மட்டும் அட்டையோடு வாங்குகிறேன். போன வாரம் அதே கடையில், என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குக் காகிதம் மடித்தார் அவர். அதை வாங்கி மேஜைமேல் பிரித்துக் கொட்டினேன்.

"ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதிக் குடுங்க. என்னா பண்ணுவோம்னு அப்பறம் சொல்றேன்."

சட்டைப்பையில் இருந்த பேனாவை அவர் தொடவே இல்லை.