தோளில் உலக்கை வைத்த மிஸி

மூத்த பேரன் கம்பளையில் சொந்தக் கடை திறந்துவிட்டான். அடுத்தவனுக்குப் பேராதனை ஸ்டேஷனில் வேலை. பெரிய பேத்திக்கு ஆண் பிள்ளை. சின்னவள் குர்ஆன் ஓதி முடித்தாள். ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த என் கையால் இவ்வளவையும் எழுதி, ஆஸ்பத்திரி நர்ஸ் கிரேஸ் மிஸிக்கு அனுப்ப உறை ஒட்டிய காலையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தங்கையின் கார்டு வந்தது. மிஸி போய்விட்டார்.

கண்டி ஆஸ்பத்திரியில் அவரிடம் மருந்து கட்டியவர்களுக்கு அவர் நடை நினைவிருக்கும். பனிக்குள் வெள்ளை உடுப்போடு, மேகம் ஒன்று வழி கேட்டு வருவதுபோல வருவார். "ஒவ்வொரு அடிக்கும் விழப் பாக்கிறம், உம்மா. தசைதான் பிடிக்குது" என்பார்.

பெரிய பேத்தியின் கலியாணம் அலவத்துகொடையில், மேட்டு வீட்டில். ஒரு மாதம் இருக்க, என் வலது இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டது. "கதிரையில உக்கார வெச்சுத் தூக்குவோம்" என்றான் மகன்.

"நான் என்ன மையித்தா, தூக்கிட்டுப் போய் அடக்கம் செய்ய? அப்படீன்டா வரமாட்டேன்."

மிஸி வீட்டுக்கு வந்து பார்த்தார். "தடியை இடக்கையில பிடியுங்கோ." நான் மறுத்தேன். நோவது வலப்பக்கம். நல்லதற்கெல்லாம் வலக்கை என்று வளர்ந்தவள், கலியாண வாசலுக்கு இடக்கையை நீட்டிக்கொண்டு போவதா?

மிஸி உலக்கையை எடுத்துத் தோளில் குறுக்கே வைத்தார். நீண்ட பக்கம் அரிசிப் பையைத் தொங்கவிட்டார். குட்டைப் பக்கத்தை என் மருமகள் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"இந்தத் தோள்தான் உங்கட இடுப்பு மூட்டு. இடக்காலைத் தூக்கேக்க உடம்பு இந்தப் பை மாதிரி இடப்பக்கம் சரியப் பாக்கும். தசை மருமகளைப் போல மற்றப் பக்கம் இழுக்கும். ரெண்டு பாரமும் மூட்டுக்குத்தான்."

"இழுக்கிறதெல்லாம் எப்பவும் மருமகள்தான்" என்றாள் அவள்.

"இனி உங்கட தடியைப் பைக்குக் கீழ முட்டுக் குடுங்கோ, உம்மா."

கொடுத்தேன். மருமகளின் கை தளர்ந்தது. "லேசாப் போச்சு, மாமி."

அன்று முதல் கூடத்தில் இடக்கையில் கோலோடு நடந்து பழகினேன். சில மாலைகளில் அந்தக் கோல் தானாகவே முன்னே போவதுபோலவும், நான் கனவில் பின்னால் மிதப்பதுபோலவும் இருக்கும்.

கலியாணத்தன்று மிளகுக் கொடிகளுக்கு நடுவே மேட்டை நானே ஏறினேன். நின்று நின்றுதான் ஏறினேன். வாசலில் பேத்தி குனிந்தபோது என் வலக்கை வெறுமையாக இருந்தது. அதை அவள் தலையில் வைத்து துஆச் செய்தேன். மிஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெறுங்கைதான்.

மிஸியின் தங்கையே, என்னிடம் உள்ள படத்தில் அக்காவின் முகம் மங்கிவிட்டது. கடைசியாக எடுத்தது இருந்தால், அவர் நடந்து வருகிற, கால் தெரிகிற படமாகப் பார்த்துத் தபாலில் போடுங்கள்.