சி எது, டி எது

கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் கிளம்பிய சூடான தூசி வாடையும், கழற்றியவர் மென்றுகொண்டிருந்த பாக்கின் நெடியும் நினைவுக்கு வந்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் சைதாப்பேட்டை வீட்டில் நடந்தது அது.

சிகிச்சைக்காக எங்களோடு தங்கி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்த சித்தி, பொழுது போகாமல் கணினியில் மைக்கைச் செருகித் தன் குரலைப் பதிவுசெய்து வைத்தாள். அம்மாவைக் கேலி செய்வாள், பாடுவாள், நடுவில் இருமிவிட்டுச் சிரிப்பாள். அவள் இறந்த பிறகு அம்மா தினமும் மத்தியானம் அதைக் கேட்டாள். பொத்தானை அமுக்குவது, திரையில் மஞ்சள் கவர் போலிருந்த படத்தை இரண்டு தட்டுத் தட்டுவது, கேட்டு முடித்ததும் அணைப்பது, இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த "கம்ப்யூட்டர்".

அது திணறத் தொடங்கியதும் தி.நகரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார்.

"ஃபார்மேட் அடிச்சா சி டிரைவ்ல கீறதெல்லாம் அழிஞ்சி பூடும்மா. வேணுங்கறது டி டிரைவ்ல கீதா?"

"அந்த மஞ்ச கவர் மட்டும் இருக்கணும்ப்பா, என் தங்கச்சி பேசினது அதுலதான் இருக்கு" என்ற அம்மா, என்னைப் பார்த்தாள். பள்ளியில் கணினிப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "டி-லதான் இருக்கு" என்றேன். அவரும் திறந்து பார்க்கவில்லை.

வேலை முடிந்து பளிச்சென்று விரிந்த திரையில் அந்தக் கவர் இல்லை. டி-யில் என் விளையாட்டுகள் மட்டும் இருந்தன.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர் வச்சிக்கினு சி எது, டி எதுன்னுகூடத் தெரியாம கீறீங்க?" என்று அவர் சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன்.

அம்மா கத்தவில்லை. "மிக்ஸியை ரிப்பேருக்குக் குடுத்தா மோட்டார் எங்க இருக்குன்னு என்னையா கேக்கறாங்க? எனக்கு எது வேணும்னு சொன்னேனே" என்றாள்.

இப்போது நான் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். தாங்கள் குழப்பமாகச் செய்துவைத்த ஒன்றில் யாரோ ஒரு பெரியவர் தடுமாறிவிட்டால், "யூசருக்கு மூளையே கிடையாது மச்சி" என்று சகாக்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அருவருப்பாக இருக்கிறது. அது என் சிரிப்பும்தான் என்பதால் என்மீது இன்னும் அதிகமாக.

சித்தியின் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிற்று. அம்மாவின் செல்போன் ஏதாவது புரியாததைக் கேட்டால், பக்கத்து அறையில் நான் இருக்கும்போதே, அதை எடுத்துக்கொண்டு மாடிவீட்டுப் பெண்ணிடம் போகிறாள்.