வங்கிக் காவலரின் வலது தொடை

“மச்சான், அந்த ஸ்டூலை இன்னும் ஒரு சாண் இங்க தள்ளு.”

ஸ்டூல் நகர்ந்து, அதன்மேல் வலது கால் ஏறிய பிறகுதான் வங்கிக் காவலருக்குக் காலைத் தேநீர் தொண்டையில் இறங்கும். ஸ்டூலைத் தள்ளுபவர் மனைவியின் தம்பி. அதே வங்கியில் அவரும் காவலர். துப்பாக்கியைத் துடைக்கையில் உள்ளே குண்டு இருப்பதை மறந்து மாமாவின் தொடையில் சுட்டுவிட்டவரும் அவரே. நிர்வாகம் அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு விசிலைக் கொடுத்துவிட்டது.

புண் ஆறிப் பல வாரங்கள் ஆயின. ஆனாலும் வீட்டுக் காய்கறிப் பை, எரிவாயு உருளை, மாடித் துணி எல்லாம் மைத்துனர் தலையில்தான். மனைவி முணுமுணுத்தால், “ஒன் தம்பி குறி அப்படி. வேற எவனா இருந்தாலும் தப்பியிருக்கும்” என்பார்.

“அவன் சுட்டது ஒரு தடவை. நீங்க தினம் சுடுறீங்க” என்று அந்த அம்மாள் பாத்திரத்தை ஓசையோடு கவிழ்ப்பார்.

அண்மையில் தொடைக்குள் ஒரு ரீங்காரம் தொடங்கியிருந்தது. காவலருக்கு அதில் தனிப் பெருமை. “உள்ள நரம்பு கூடுது” என்று தமக்குத் தாமே வைத்தியம் சொல்லிக்கொண்டு, வருகிறவர் கையைப் பிடித்துக் கால்சட்டைமேல் வைப்பார். “வண்டு மாதிரி இருக்கா? இருக்கும்.” கடன் கேட்டு வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மேலாளரும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

மைத்துனர் மட்டும் தொட்டதும் வெளிறினார். வீங்கிய கணுக்காலும் அவர் கண்ணில் பட்டது. “மாமா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“போடா. சுட்டவனே வைத்தியமும் பாக்குறியா?”

மாமா பேச்சை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தட்டினார்.

இரத்தக்குழாய் மருத்துவர் தொடையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஸ்கேனும் எடுத்தார். “ஆறினது தோல்தாங்க. குண்டு கீறினதுல உள்ள தமனியும் சிரையும் ஒட்டி வழி விட்டிருக்கு. காலுக்குப் போற ரத்தம் பாதியிலேயே திரும்புது. அதான் அந்தச் சத்தம். இப்படியே விட்டா கால் போகலாம், இதயமும் களைச்சுடும்.”

“அந்த வழியைக் கொஞ்ச நாள் கழிச்சு அடைக்கலாமா, டாக்டர்?” என்று இழுத்தார் காவலர்.

“தாராளமா. இன்னும் எத்தனை பேர் கை வைக்கணும்?”

மைத்துனர் எல்லாவற்றையும் முன்னரே சொல்லிவிட்டிருந்தார்.

அறுவை முடிந்தது. பாதம் குளிர்ந்தால் உடனே கூப்பிடும்படி மைத்துனரிடம் சொல்லிவிட்டுச் செவிலியர் போனார். மைத்துனர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, இரு பாதங்களையும் இரு கைகளில் பிடித்தபடி நின்றார்.

“என்னடா, சூடா இருக்கா?”

“இருக்கு மாமா.”

“ரெண்டும் ஒண்ணு போலவா?”

“ஒண்ணு போலத்தான்.”

காவலர் இடக்காலை மட்டும் மைத்துனர் பிடியிலிருந்து மெல்ல உருவி, வலக்காலோரமாக ஒதுக்கி, கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.