கருப்பம்மாளின் சுருட்டைச் செடிகள்

1926இல் மலாயாவில், சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் ஆஸ்பத்திரி ஆயா. மலேரியாக் காய்ச்சலில் கிடந்த கருப்பம்மாளைப் பத்து காஜா டவுனிலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். பிழைப்பாள் என்று நினைக்கவில்லை. போகும் வழியெல்லாம் தன் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பிதற்றினாள்.

புருஷன் செத்துவிட்டான், பிள்ளை இல்லை. பால்மரம் வெட்டிப் பால் சேர்த்துவிட்டு வந்த பிற்பகல்களில், தான் குடியிருந்த லயத்தின் பின்புறம் கட்டாந்தரையைக் கொத்தி, சாணியும் அடுப்புச் சாம்பலும் போட்டு, இருபத்திரண்டு செடி வளர்த்திருந்தாள். அவளுக்கென்று இருந்தது அந்தத் துண்டு நிலம்தான்.

பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அதைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே, எங்கள் கூலிகளை மேய்க்கும் ராமையா கங்காணி அவள் செடியில் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"என் செடிங்க அது."

"மண்ணு தொரையோடதுலா. நீ திரும்பி வருவேன்னு யாரு கண்டா?"

துரையிடம் முறையிடுவதென்றாலும் கங்காணி வழியாகத்தான் முறையிட வேண்டும். கருப்பம்மாள் மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி வாசலில் வைத்து, புதிதாக விதை போட்டாள். மூன்று செடி தேறியது. மூன்றிலும் இலை சுருண்டது.

"பிடுங்கி அடுப்புல போடு. பக்கத்துச் செடிக்கும் ஒட்டிக்கும்" என்றேன்.

"தெரியும் ஆயாம்மா. அம்மை மாதிரி."

"தெரிஞ்சுமா வச்சிருக்க?"

"தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்."

ராமையாவின் பிரம்பு பட்ட முதுகுகளுக்கு மருந்து போட்டவள் நான். அதற்கு மேல் தடுக்கவில்லை.

அவர் அந்த வழியாக வரும் நேரம் பார்த்து அவள் அந்த மூன்றுக்கும் நிழல் கட்டினாள், தண்ணீர் தெளித்தாள்.

"என்னா புள்ள, புது ஜாதியா?"

"ஈப்போ டவுன்லேருந்து வந்த கன்னுங்க. இலை சுருண்டாத்தான் காரம் ஏறுமாம். இதையாச்சும் விட்டுருங்க ஐயா."

மறுநாளே தகரங்களைக் காணவில்லை. மூன்றையும் அவர் பாத்தியின் நடுவில் நட்டிருந்தார்.

ஒன்றரை மாதத்தில் வேலிக்குள் நல்ல இலை ஒன்றுகூட இல்லை. பிஞ்சுகள் கோணிக்கொண்டு உதிர்ந்தன. கண்ணேறு என்று நினைத்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டியைக் கம்பில் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு வேலியைப் பிடுங்கிக்கொண்டு, "மண்ணு கெட்டுப்போச்சு, நீயே வச்சுக்க" என்றார்.

அவள் எல்லாச் செடியையும் பிடுங்கி எரித்தாள். அந்தப் பருவம் முழுக்கக் கீரை மட்டும் போட்டாள். அடுத்த வருஷம் மிளகாய் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.

அப்போது கங்காணிக்கு வயிற்றுவலி. நான் கொடுத்த மருந்தைக் குடிக்காமல், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று புலம்பினார். அவர் மனைவி முத்தம்மா முறத்தோடு வந்தாள். அதுவரை அவளும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"கருப்பம்மாக்கா, ஏழு வத்தல் குடுக்கா. அவருக்குச் சுத்திப் போடணும்."

முறத்தைக் கீழே வைத்தாள். எங்களில் யாரும் மிளகாயைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் தீராப் பகை.

கருப்பம்மாள் முறத்தைப் பார்க்கவேயில்லை. முத்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஏழு வத்தல் வைத்து மூடினாள்.

"சரியா இருக்கான்னு எண்ணிக்க."

முத்தம்மா கீழே போடவும் முடியாமல், வைத்திருக்கவும் பயந்து நின்றாள். கருப்பம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.